கண்டகி நதியும் நாமக்கல் மலையும்
இமயமலை யாத்திரை மீண்டும் திறந்தது; போகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டாமா?

நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் பாறை மலையை எல்லோருக்கும் தெரியும். அந்த மலை எங்கிருந்து வந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் "நேபாளத்தில் இருந்து" என்பார்கள்.

கதை இதுதான். ஆஞ்சநேயர் இமயமலைக்குப் போனார். அங்கே கண்டகி நதியில் ஒரு சாளக்கிராமக் கல்லை எடுத்தார். அதைச் சுமந்துகொண்டு ஆகாய மார்க்கமாகத் திரும்பி வந்தார். வழியில் நாமக்கல்லில் கமலாலயக் குளத்தைக் கண்டார். நீராட ஆசைப்பட்டுக் கல்லைக் கீழே வைத்தார். குளித்துவிட்டு வந்து தூக்கினால் கல் அசையவில்லை! அதுவே வளர்ந்து மலையாகிவிட்டது. அந்த மலையைக் குடைந்த கோவிலில்தான் நரசிம்மர் இருக்கிறார். எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயர், தலைக்கு மேலே கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிறார்.

இமயமலைக்குப் போய்ப் புனிதமான ஒரு பொருளோடு ஊர் திரும்பியவரின் கதை இது. இன்று அதே கண்டகி நதிக்கரைக்குச் சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களில் இருந்து பெரியவர்கள் புறப்பட்டுப் போகிறார்கள். போவது பழைய காலத்தைவிட எளிது. ஆனால் திரும்பி வருவது எப்படி? 2025-ம் ஆண்டின் செய்திகள் இந்தக் கேள்வியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டன.

முக்திநாத்

கண்டகி நதியின் மேல்பகுதியில், நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், முக்திநாத் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து 12 ஆயிரம் அடிக்கு மேல் உயரம். வைணவர்களின் 108 திவ்விய தேசங்களில் சாளக்கிராமம் என்று சொல்லப்படுவது இந்தத் தலம்தான். கோவிலைச் சுற்றி அரைவட்டமாக 108 நீர்த் தாரைகள் மாட்டுத் தலை வடிவான வாய்களில் இருந்து கொட்டுகின்றன. பனி உருகிய தண்ணீர். அதில் தலை நனைத்தால் எலும்பு வரை குளிரும்.

இதே இடம் பவுத்தர்களுக்கும் புனிதமானது. திபெத்திய மொழியில் இதற்கு 'சுமிக் கியாட்சா' என்று பெயர். 'நூறு நீர்கள்' என்று பொருள். திபெத்துக்குப் பவுத்தத்தைக் கொண்டுபோன பத்மசம்பவர் வழியில் இங்கே தங்கித் தியானம் செய்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இந்துக்கள் விஷ்ணுவாக வணங்கும் அதே மூர்த்தியை அவர்கள் அவலோகிதேசுவரராக வணங்குகிறார்கள். கோவில் பணியில் பவுத்தப் பெண் துறவிகளுக்கும் பங்கு உண்டு. பக்கத்தில் உள்ள பவுத்த மடத்தில், தரைக்கு அடியில் இருந்து வரும் இயற்கை வாயுவால் சிறு சுடர் ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது. அதையும் இரு மதத்தாரும் கும்பிடுகிறார்கள். சண்டை சச்சரவு இல்லை.

சாளக்கிராமக் கல் என்பதும் சாதாரணக் கல் அல்ல. இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த நத்தை போன்ற பிராணிகளின் சுருள் வடிவம் கல்லில் பதிந்துபோனது. அதற்குப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயது. பக்தர்கள் அந்தச் சுருளைச் சக்கரம் என்கிறார்கள்.

கயிலாயம்

முக்திநாத்தைவிடக் கடினமானது கயிலாய யாத்திரை. மலையின் உயரம் சுமார் 21,778 அடி. உச்சியில் யாரும் ஏறுவதில்லை. ஏற அனுமதியும் இல்லை. மலையைச் சுற்றி வருவதுதான் வழிபாடு. சுற்றுப்பாதை 52 கிலோமீட்டர். அதில் டோல்மா கணவாய் என்ற இடம் 18,500 அடி உயரத்தில் இருக்கிறது.

சைவர்களுக்கு அது சிவனுடைய இருப்பிடம். சமணர்களுக்கு முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் முக்தி அடைந்த இடம். திபெத்தியப் பவுத்தர்களுக்கு 'டெம்சோக்' என்ற தெய்வம் உறையும் மலை. பவுத்தத்துக்கும் முந்திய 'போன்' என்ற சமயத்தாருக்கும் அது புனித மலை. மற்றவர்கள் வலமாகச் சுற்ற, போன் சமயத்தார் மட்டும் இடமாகச் சுற்றுவார்கள். எதிரும் புதிருமாக வருகிறவர்கள் பாதையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போகிறார்கள்.

திபெத்தியர்களில் உடல் வலுவுள்ளவர்கள் ஒரே நாளில் 52 கிலோமீட்டரையும் நடந்து முடிப்பார்கள். இன்னும் சிலர் அடிக்கு ஒருமுறை தரையில் விழுந்து வணங்கி எழுந்து, நம் ஊரில் அங்கப் பிரதட்சிணம் செய்வதுபோல, வாரக்கணக்கில் சுற்றுவார்கள். அவர்கள் அந்த உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களைப் பார்த்து நம்மவர்கள் வேகத்தைக் கூட்டக் கூடாது.

திபெத்தியப் பஞ்சாங்கத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குதிரை ஆண்டு வரும். அந்த ஆண்டில் கயிலாயத்தை ஒருமுறை சுற்றினால் பலமுறை சுற்றிய புண்ணியம் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. 2014-ம் ஆண்டு அப்படிப்பட்டது. அடுத்தது 2026.

5 ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வழி

இந்தியா - சீனா ஏற்பாட்டின்படி 1981-ம் ஆண்டு லிபுலேக் கணவாய் வழியாகக் கயிலாய யாத்திரை தொடங்கியது. 2015-ல் சிக்கிமில் உள்ள நாதுலா கணவாய் வழியும் திறக்கப்பட்டது. 2017-ல் டோக்லாமில் இரு நாட்டு ராணுவங்களும் எதிர் எதிரே நின்றபோது நாதுலா வழி அடைபட்டது. பிறகு கொரோனா வந்தது. எல்லையில் மோதலும் வந்தது. 2020 முதல் 2024 வரை, 5 ஆண்டுகள், அரசாங்க யாத்திரை நடக்கவே இல்லை.

2025 ஜூன் மாதம் மீண்டும் தொடங்கியது. லிபுலேக் வழியாக 50 பேர் கொண்ட 5 குழுக்கள். நாதுலா வழியாக 50 பேர் கொண்ட 10 குழுக்கள். ஆக 750 பேர். ஆனால் விண்ணப்பித்தவர்கள் 5 ஆயிரத்துக்கும் மேல்! கம்ப்யூட்டர் மூலம் குலுக்கல் நடத்தித்தான் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். லிபுலேக் வழிக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய். நாதுலா வழிக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய். இரண்டுக்கும் சுமார் 3 வாரங்கள் ஆகும்.

குலுக்கலில் பெயர் வராதவர்கள் சும்மா இருப்பதில்லை. தனியார் சுற்றுலாக் கம்பெனிகள் மூலம் நேபாளம் வழியாகப் போகிறார்கள். கவலைக்குரிய இடம் இந்த வழிதான்.

சேலம் ஜங்ஷனில் இருந்து

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேரளத்தில் இருந்து கோரக்பூர் செல்லும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகப் போகிறது. அதில் ஏறி உட்கார்ந்தால் இறங்காமல் உத்தரப்பிரதேசத்தின் வடகோடிக்குப் போய்விடலாம். இரண்டு நாளுக்கு மேல் பிரயாணம். கோரக்பூரில் இருந்து சோனவுலி எல்லைக்குப் பஸ். எல்லையைத் தாண்டினால் நேபாளம்.

எல்லையில் இருந்து சுமார் 25 கிலோமீட்டரில் லும்பினி. புத்தர் பிறந்த இடம். அசோகச் சக்கரவர்த்தி இங்கே நேரில் வந்து வணங்கித் தூண் நாட்டினார். தூணில் எழுதியிருப்பதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். புத்தர் பிறந்த ஊர் என்பதால் இந்தக் கிராமத்துக்கு வரியைத் தள்ளி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று அசோகர் சலுகை அளித்திருக்கிறார். புண்ணியத் தலத்துக்கு அரசாங்கச் சலுகை என்பது 2,200 ஆண்டுப் பழக்கம்!

லும்பினி சமவெளியில் இருக்கிறது. நம் ஊர் போலவே வயல், வெயில், புழுதி. வயதானவர்கள் பயமின்றிப் போய் வரலாம். மேலே ஏற முடியாத யாத்திரிகர்கள் இந்த இடத்தோடு திரும்பினாலும் குறைவு ஒன்றும் இல்லை. முக்திநாத் போகிற அவசரத்தில் நம்மவர்கள் பலர் இதைப் பார்க்காமலே கடந்து போகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

லும்பினியில் இருந்து மலைப்பாதையில் பொகாரா. அதற்கு மேல் சோம்சோம் என்ற ஊர். ஒரு பக்கம் தவளகிரி, மறுபக்கம் அன்னபூர்ணா. இரண்டும் 26 ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்த சிகரங்கள். நடுவே கண்டகி நதி ஓடுகிறது. காலை நேரம் போனால் அந்தப் பள்ளத்தாக்கில் பேய்க்காற்று அடிக்கும். ஆகவே சிறு விமானங்கள் காலையில் மட்டும் பறக்கும். மேகம் மூடினால் அதுவும் இல்லை. ஜீப்பிலும் போகலாம், பாதை கரடுமுரடு. இந்தியா முழுவதும் லாரி ஓட்டிப் பழகிய நாமக்கல் டிரைவர்களே அந்தப் பாதையில் கொஞ்சம் யோசிப்பார்கள்.

காற்று மெலிந்த இடம்

நாமக்கல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 700 அடி உயரத்தில் இருக்கிறது. சேலம் சுமார் 900 அடி. ஏற்காட்டுக்குப் போனாலே 5 ஆயிரம் அடிதான். முக்திநாத்தில் 12 ஆயிரம் அடி. மானசரோவர் ஏரியில் 15 ஆயிரம் அடி.

உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. முக்திநாத்தில் ஒரு மூச்சு இழுத்தால் நம் ஊரில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். டோல்மா கணவாயில் பாதிதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் நாள் வேண்டும்.

பழைய காலத்தில் யாத்திரிகர்கள் நடந்தே போனார்கள். கொள்ளைக்காரர், பசி, நோய் என்று ஆபத்துகள் இருந்தன. ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. மெல்ல மெல்ல ஏறியதால் உடம்பு தானாகப் பழகிக்கொண்டது. இப்போது ரோடு வந்துவிட்டது, ஹெலிகாப்டர் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் விமானம் ஏறியவர் நான்காம் நாள், ஐந்தாம் நாள் மானசரோவர் கரையில் நிற்கிறார். வழி குறுகியது, ஆபத்து அந்த அளவுக்குக் கூடியது.

கணக்கைப் பாருங்கள். காத்மாண்டு சுமார் 4,600 அடி. எல்லை தாண்டிய கேருங் சுமார் 9,200 அடி. அடுத்த ஊர் சாகா, 14 ஆயிரம் அடிக்கு மேல். கேருங்கில் இருந்து சாகாவுக்குப் பஸ் ஒரே நாளில் போய்விடும். 10 ஆயிரம் அடிக்கு மேலே போனபின் இரவு தங்கும் இடத்தை நாள் ஒன்றுக்கு 1,600 அடிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது டாக்டர்கள் சொல்லும் விதி. பஸ்காரரோ ஒரே நாளில் அதைப்போல் மூன்று பங்கு உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார்!

முதலில் தலைவலி வரும். பிறகு வாந்தி, தூக்கமின்மை, பசியின்மை. அந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நடையில் தள்ளாட்டமோ பேச்சில் குழப்பமோ கண்டால், ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. கீழே இறக்க வேண்டும். இரவு என்றாலும் இறக்க வேண்டும். மருந்தும் ஆக்சிஜன் சிலிண்டரும் உதவும். ஆனால் கீழே இறங்குவதற்கு அவை ஈடாகாது.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சுவாமியைப் பார்க்காமல் போவதா?" என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பது உண்டு. அவர்களுக்கு அப்பர் சுவாமிகளின் வரலாற்றைச் சொல்லலாம். கயிலாயத்துக்கு நடந்தார் அப்பர். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், உடம்பு முழுவதும் தேய்ந்தது. "திரும்பிப் போ" என்று இறைவன் சொன்னார். அங்கே இருந்த பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சியை அங்கேயே கண்டார். ஆடி அமாவாசை தோறும் திருவையாற்றில் அந்த விழா நடக்கிறது. பாதி வழியில் திரும்புவது குற்றம் என்று சைவம் சொல்லவில்லை.

அரசாங்க யாத்திரையில் இதற்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு. வயது 18-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும். உடல் பருமன் கூடாது. டெல்லியில் ஆஸ்பத்திரிப் பரிசோதனை நடக்கும். மேலே போனபின் மீண்டும் ஒரு பரிசோதனை நடக்கும். அதில் தேறாதவர் திருப்பி அனுப்பப்படுவார். உயரத்துக்குப் பழகுவதற்காக நடுவழியில் தங்கவும் வைக்கிறார்கள். அதனால்தான் 3 வாரம் ஆகிறது. தனியார் கம்பெனியின் 10 நாள், 12 நாள் யாத்திரையில் எந்த நாளைக் குறைத்தார்கள் என்று கேட்க வேண்டியது பணம் கட்டுகிறவரின் கடமை.

வழி அடைபட்டால்?

2015 ஏப்ரல் 25-ந் தேதி நேபாளத்தில் பெரும் பூகம்பம் வந்தது. திபெத்துக்குப் போகும் கோடாரி ரோடு நாசமானது. யாத்திரை ரசுவாகடி - கேருங் வழிக்கு மாறியது. 2025 ஜூலை 8-ந் தேதி அங்கே திடீர் வெள்ளம் வந்தது. நேபாளத்தையும் சீனாவையும் இணைக்கும் நட்புறவுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. யாத்திரிகர்களின் வழியும் அதோடு போயிற்று.

2018 ஜூலையில் நேபாளத்தின் சிமிகோட், ஹில்சா பகுதிகளில் மோசமான வானிலையால் விமானங்கள் பறக்கவில்லை. கயிலாயம் போய்த் திரும்பிய சுமார் 1,500 இந்தியர்கள் மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டினரும் அவர்களில் இருந்தார்கள். தங்க இடம் போதவில்லை. மேகம் விலகிய சமயம் பார்த்து ஹெலிகாப்டர்களில் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள்.

2022 மே 29-ந் தேதி பொகாராவில் இருந்து சோம்சோம் போன சிறு விமானம் மலையில் மோதியது. அதில் இருந்த 22 பேரும் இறந்தார்கள்.

2025 செப்டம்பரில் நேபாளத்து இளைஞர்கள் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார்கள். 9-ந் தேதி பிரதமர் சர்மா ஒலி ராஜினாமா செய்தார். காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. கயிலாயம் சென்று திரும்பிக்கொண்டிருந்த இந்தியர்கள் வழியில் தவித்தார்கள். மறுநாள் விமான நிலையம் திறந்தது என்றாலும், ஊரில் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு நாள் ஒரு யுகம்.

இந்தச் சம்பவங்களில் ஓர் ஒற்றுமை உண்டு. பெரும்பாலும் சங்கடம் வந்தது போகும்போது அல்ல; திரும்பும்போது. போகிற வழிக்குப் பணமும் நாளும் கணக்குப் போட்டவர்கள் திரும்பும் வழிக்குக் கணக்குப் போடவில்லை. திரும்பும் ரெயில் டிக்கெட்டுக்கு முன்னால் மூன்று, நான்கு நாட்கள் மிச்சம் வைக்க வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை ஒரு வாரம் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும். ஹெலிகாப்டர் மீட்புச் செலவு இன்ஷூரன்சில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்க வேண்டும். எழுத்தில் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நோய் இல்லாதவர்களையும் நோயாளி என்று ஹெலிகாப்டரில் ஏற்றி இன்ஷூரன்ஸ் பணம் பறித்த மோசடியை 2018-ல் நேபாள அரசாங்கமே விசாரித்து வெளியிட்டது.

நேபாளம் வரை மட்டும் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். கயிலாயத்துக்குப் பாஸ்போர்ட்டும் சீன விசாவும் வேண்டும். அவற்றின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

அரசாங்க உதவி யாருக்கு?

தமிழ்நாடு அரசாங்கம் 2012-ல் ஒரு திட்டம் அறிவித்தது. மானசரோவர் போய்வரும் 250 பேருக்குத் தலைக்கு 40 ஆயிரம் ரூபாய்; முக்திநாத் போய்வரும் 250 பேருக்குத் தலைக்கு 10 ஆயிரம் ரூபாய். பின்னர் இந்தத் தொகை 50 ஆயிரமாகவும் 20 ஆயிரமாகவும் உயர்த்தப்பட்டது. இந்து அறநிலையத் துறை இதை நடத்துகிறது. நாகபுரி தீட்சை பூமிக்குப் போய்வரும் தமிழ்நாட்டுப் பவுத்தர்களுக்கும் 5 ஆயிரம் ரூபாய் வரை உதவி உண்டு. டாக்டர் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-ந் தேதி லட்சக்கணக்கானவர்களோடு பவுத்தம் தழுவிய இடம் அது.

நல்ல திட்டங்கள்தான். ஆனால் மானசரோவர், முக்திநாத் உதவியில் ஒரு முடிச்சு இருக்கிறது. யாத்திரை போய் வந்தபின் ஆதாரங்களோடு விண்ணப்பித்தால்தான் பணம். ஆகவே முதலில் முழுத் தொகையையும் கையில் இருந்து போட வேண்டும். 2 லட்சம் ரூபாய் புரட்டக்கூடியவருக்கு 50 ஆயிரம் திரும்பி வருகிறது. தறி நெய்து பிழைக்கும் குடும்பம், கோழிப் பண்ணையில் கூலி வேலை செய்யும் குடும்பம் அந்த 2 லட்சத்துக்கு எங்கே போகும்? நகையை அடகு வைக்கும். அல்லது வட்டிக்கு வாங்கும். அரசாங்கப் பணம் வருவதற்குள் வட்டி அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அரசாங்க உதவி என்று யாராவது ஏஜெண்டு ஆசை காட்டினால், "பணம் முன்னால் வருமா, பின்னால் வருமா?" என்று வீட்டுப் பெண்கள் கேட்க வேண்டும். அடகுக் கடைக்குப் போவது அவர்களுடைய நகைதானே!

உதவித் தொகையில் ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே கொடுக்கலாம். அதற்குப் பதிலாக மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் உடல் தகுதிச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்று விதி போடலாம். ஏழைக்கும் வழி திறக்கும். தகுதி இல்லாதவர் மலை ஏறி உயிரை விடுவதும் குறையும். சீட்டு வாங்கிப் பணம் கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது கஷ்டமான காரியம் அல்ல.

ஊர் திரும்பியபின்

காசிக்குப் போய் வந்தவர் கங்கைச் சொம்பு கொண்டுவருவார். உறவினர்களை அழைத்துச் சமாராதனை செய்வார். போய் வந்தவர் காலில் விழுந்து ஆசி வாங்குவார்கள். இமயமலை போய் வந்தவருக்கும் அதே மரியாதைதான். மானசரோவர்த் தண்ணீர் பாட்டிலில் வருகிறது. சாளக்கிராமம் பூஜை அறைக்குப் போகிறது.

வந்தவரை முதல் வாரம் கவனித்துக்கொள்ள வேண்டும். மலையில் பிடித்த இருமல் விடாமல் இருந்தாலோ, காலில் வீக்கம் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் காட்டுவது நல்லது. விருந்தைப் பத்து நாள் தள்ளிப் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர் யாத்திரையில் குறைத்த மாத்திரையை வீடு வந்ததும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாரா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

சேலத்துப் புத்தர்

இமயமலைக்குப் போக உடம்பும் பணமும் இடம் தராதவர்கள் உண்டு. புத்தரை வணங்கவோ பார்க்கவோ விரும்பும் அவர்களுக்குச் சேலம் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது.

சேலம் கோட்டை ரோட்டை அடுத்த பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோவில் உண்டு. தலைமுறை தலைமுறையாக மக்கள் முனியப்பனாகக் கும்பிட்ட சிலை அது. அது புத்தர் சிலை என்று 2011-ல் சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போடப்பட்டது. கோர்ட்டு உத்தரவுப்படி நிபுணர்கள் சிலையை ஆராய்ந்தார்கள். தாமரைப் பீடத்தில் உட்கார்ந்த கோலம், தியான நிலையில் கைகள், சுருள் முடி, நீண்ட காது. எல்லாம் புத்தருக்கு உரிய அடையாளங்கள் என்று அறிக்கை கொடுத்தார்கள். துண்டாகியிருந்த தலையைப் பிற்காலத்தில் யாரோ ஒட்ட வைத்திருப்பதும் தெரிந்தது. 'தலைவெட்டி' என்ற பெயருக்கு விளக்கம் கிடைத்துவிட்டது! 2022 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அது புத்தர் சிலையே என்றும், தொல்லியல் துறை அந்த இடத்தை ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பு அளித்தார்.

அந்தச் சிலையை முனியப்பன் என்று கும்பிட்டவர்களும் பக்தியோடுதான் கும்பிட்டார்கள். கல்லை உடைத்துப் போடாமல் எண்ணெய் தடவிக் காத்தவர்களும் அவர்கள்தான். அவர்கள் மனம் நோகாமல் இந்தக் காரியத்தை நடத்துவது அதிகாரிகளின் பொறுப்பு.

இன்னோர் இடம், சேலத்தில் இருந்து ஆத்தூர் வழியாகச் சென்னை போகும் ரோட்டில், தலைவாசலை அடுத்த தியாகனூர். வயல்கள் சூழ்ந்த சின்ன ஊர். அங்கே இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. இரண்டும் உட்கார்ந்து தியானம் செய்யும் கோலம். ஒரு சிலைக்குத் தியான மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்தச் சமவெளியில் பவுத்தர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு இவை கண்கண்ட சாட்சி. ஏழாம் நூற்றாண்டில் சீனத்து யாத்திரிகர் யுவான் சுவாங், தமிழ்நாட்டுக் காஞ்சிபுரத்தில் பவுத்த மடங்கள் நிறைய இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அவரும் மலைகளைத் தாண்டி வந்து, பத்திரமாக ஊர் திரும்பியவர்தான். அதற்கு அவருக்கு ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆயின.

தியாகனூருக்கு ஆத்தூரில் இருந்து காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.